முகமூடிக்குள் இருப்பவர் என் அண்ணன் இல்லை

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து என்பது எனக்குப் பழக்கமான வேலை இல்லை. அது ஒரு தயக்கம். வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கேற்றிய கையால் பெரியவர்களைக் குறைத்து எழுதலாமா என்பது அதைவிடப் பெரிய தயக்கம்.

அந்தப் பெரிய தயக்கத்தைச் சித்தப்பா அவர்களே தீர்த்துவைத்துவிட்டார்கள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அச்சகம் வைத்திருக்கும் எங்கள் அப்பாவின் தம்பியைத்தான் சொல்கிறேன். தமது எண்பதாம் கல்யாணத்துக்கு நம் குடும்ப வரலாற்றை வழவழப்பான தாளில் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் மறைந்த என் அண்ணனுக்கு ஒரு முழுப் பக்கமாம். முதலாம் ஆண்டு நினைவு மலரில் வந்த அதே படம், அதே வாசகமாம். "மறுபடி போட வேண்டாம் சித்தப்பா" என்று போனில் சொன்னேன். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று வைத்துவிட்டார்கள். ஆகையால் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

அந்தப் பழைய மலர் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அட்டையில் ஒரு போர் விமானம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர், தலையில் கவசம், மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி. நடுவில் தெரிகிற இரண்டு கண்கள் மட்டும் அண்ணனுடையவை. சித்தப்பா அச்சகத்துக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியது. கீழே, "கேப்டன் விமானி, எதிரிக் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்த மாவீரர்" என்று தங்க நிறத்தில் எழுத்து.

அண்ணன் கேப்டன் இல்லை. விமானி இல்லை. போர் விமானத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு கப்பலையும் மூழ்கடித்ததில்லை. அந்த மலரில் உண்மை என்று தேடினால் பிறந்த இடமும் இறந்த நாளுமாவது தேறும் என்று பார்த்தேன். அடுகோடியில் பிறந்தவரை மல்லேஸ்வரத்தில் பிறந்தவராக்கியிருந்தார்கள். ஆக, இறந்த நாள் ஒன்றுதான் மிச்சம். அதை மாற்ற அவர்களால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது அடுகோடியில், பட்டறைகளுக்கு நடுவில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில். அப்பா மில்லில் வேலை பார்த்தார். கடல் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில் நீல நிறமாக இருப்பது என்றுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணன் நீச்சல் கற்றது ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில். அப்பா திடீரென்று தவறிப்போனபோது அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு வரிசையில் நின்று, தேர்வாகி, ரயில் ஏறிவிட்டார். அம்மா மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார். "கடலயே பாக்காதவன் கடல்படைக்குப் போறான்" என்று சித்தப்பா அவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் தங்க நிற எழுத்து இல்லை.

அண்ணன் சேர்ந்தது ஹெலிகாப்டர் அணியில். ஸ்குவாட்ரன் என்று சொல்வார். கடற்படைக்குச் சொந்தமாக ஹெலிகாப்டர்கள் உண்டு என்பதே நம் உறவில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களும் இல்லை. அண்ணன் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

கடலோரத்தில் ஒரு தளம். அங்கே சில ஹெலிகாப்டர்கள். ஓட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், கயிற்றில் தொங்கிக் கடலுக்குள் இறங்குகிறவர்கள், அந்தக் கயிற்றை இறக்கி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் அணி. சில சமயம் கப்பலோடு போவார்கள். ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் பின்பக்கத் தளத்தில், நம் வீட்டு மொட்டைமாடி அளவு இடத்தில், ஹெலிகாப்டர் இறங்க வேண்டும். கடலுக்கு மேலே அசையாமல் நின்று, கேட்கும் கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி, அடியில் எதிரியின் நீர்மூழ்கி ஒளிந்திருக்கிறதா என்று காது வைத்துக் கேட்பது ஒரு வேலை. கப்பலில் ஒருவருக்கு வயிற்றில் கட்டி என்றால் கரைக்குத் தூக்கி வருவது ஒரு வேலை. புயலில் தீவாகிப்போன ஊருக்கு அரிசி மூட்டை போடுவது ஒரு வேலை. கவிழ்ந்த படகிலிருந்து மீனவர்களை எடுப்பது ஒரு வேலை. அண்ணன் கதவருகே உட்கார்ந்து கயிறு இறக்குகிறவர். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்பது கடவுளுக்குத் தெரியும்.

அந்த அணிக்கு ஒரு சின்னம் உண்டு. நீல வட்டத்துக்குள் கால்களைத் தொங்கவிட்டபடி ஒரு வெள்ளைக் கொக்கு. சட்டைத் தோளில் தைத்திருப்பார்கள். ஒரு விடுமுறையில் அண்ணன் அந்தச் சட்டையைக் கொடியில் காயப்போட்டிருந்தபோது சித்தப்பா அவர்கள் வந்தார்கள். விரலால் சின்னத்தைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது, கொக்கு?"

"ஆமா சித்தப்பா. எங்க ஸ்குவாட்ரன் சின்னம்."

"ஏன், புலி சிங்கம்லாம் ஸ்டாக் இல்லியா? கப்பல்ல இருந்தா நேவி. ப்ளேன்ல இருந்தா ஏர்ஃபோர்ஸ். நீ இன்னா ரெண்டுங்கெட்டானா?"

"கொக்கு தண்ணிலயும் நிக்கும், மேலயும் பறக்கும் சித்தப்பா. அதான் எடுத்திருக்காங்க. எங்க வேலையில பாதி ஒரே எடத்துல அசையாம நிக்கிறதுதான்."

"அசையாம நிக்கிறதுக்கு கவர்மெண்ட்டு சம்பளமா! எங்க ஏரியா கோயில் வாசல்ல வந்து நில்லு. பூ விக்கிறவங்களாவது துணைக்கு இருப்பாங்க."

வந்திருந்த உறவெல்லாம் சிரித்தது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "கொக்குப் படை வந்துடுச்சு" என்பார்கள். அண்ணன் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "கொக்குன்னு சொன்னா எனக்கு நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்த அணியில் இரண்டு பழக்கங்கள் உண்டு. இரண்டையும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஒன்று, யார் போனார்கள், யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று பேர் சொல்வதில்லை. "கொக்கு போச்சு, கொக்கு வந்துச்சு" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பதில் கிடையாது. ஒரு தடவை அண்ணன் வலது கையில் இரண்டு விரல்கள் கோணிப்போய் வந்தார். என்ன ஆச்சு என்று அண்ணி அழுதுகொண்டே கேட்டதற்கு, "வேலையில நசுங்கிடுச்சு" என்றார். அவ்வளவுதான். "கதவ ஒழுங்கா சாத்தத் தெரியாதவன்" என்று சித்தப்பா அவர்கள் சொன்னதும் என் காதில் இருக்கிறது. பின்னால் அதே விரல்கள் மலரில் "எதிரியின் குண்டால் சிதைந்த விரல்கள்" ஆயின.

இன்னொன்று பிளாஸ்க். ஹெலிகாப்டர் கதவருகே ஒரு பிளாஸ்க்கில் நிறையச் சர்க்கரை போட்ட டீ எப்போதும் இருக்கும். அது தண்ணீரிலிருந்து மேலே வருகிறவருக்கு மட்டும். பறக்கிறவர்கள் யாருக்கும் அதில் ஒரு மிடறு கிடையாது. எவ்வளவு குளிரானாலும் தொடக்கூடாது. தொண்ணூற்றொன்றில் அண்ணன் ஓய்வு பெற்று அடுகோடிக்கே வந்தார். ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. வீட்டு வாசல்கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பிளாஸ்க் வைத்தார். தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யார் வந்தாலும் முதலில் ஒரு கப் டீ. அந்த வருடக் கடைசியில் ஊரில் காவிரிக் கலவரம் வந்து, தமிழ் பேசவே எல்லாரும் பயந்து கிடந்தபோது, எதிர்வீட்டுக் கன்னடக்காரர் எங்களுக்குப் பால் வாங்கிவந்து கொடுத்தார். அவருக்கும் கதவருகே டீதான். "பன்னி அண்ணா, மொதல்ல டீ" என்று அவர் பாஷையிலேயே 'வாங்க' சொல்லி அண்ணன் கூப்பிட்டது இன்றும் கேட்கிறது. சித்தப்பா அவர்கள் அந்தக் கலவரத்தின்போது அச்சகத்துப் பலகையில் தமிழ் எழுத்தைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டு உள்ளே இருந்தார்கள். பிறகு ஒருநாள் வந்து பிளாஸ்க்கைப் பார்த்து, "டீக்கடை வச்சிட்டியா?" என்றார்கள். ஒரு கப் குடித்தார்கள். சர்க்கரை ஜாஸ்தி என்று குறையும் சொன்னார்கள்.

ஒருமுறை எல்லாரும் யலஹங்காவுக்கு விமான வேடிக்கை பார்க்கப் போனோம். ஜெட் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு போகும்போதெல்லாம் நம் உறவு கைதட்டியது. பிறகு ஒரு ஹெலிகாப்டர் வந்து அசையாமல் நின்று, கயிற்றில் ஒருவரை இறக்கி ஏற்றிக் காட்டியது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இது இன்டர்வல்லு, சாப்பாட்டப் பிரிங்க" என்றான் சித்தப்பா மகன். மொத்தக் குடும்பமும் முதுகைக் காட்டி உட்கார்ந்து புளிசாதம் தின்றது. அண்ணன் மட்டும் கயிற்றைப் பார்த்தபடி, "தரைய தொடட்டும், தரைய தொடட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது என்ன என்று நான் கேட்டேன். இறக்கை சுற்றச் சுற்ற மிஷின் உடம்பில் மின்சாரம் ஏறிவிடுமாம். கயிறு முதலில் கடலையோ தரையையோ தொட்டு அது இறங்க வேண்டும். அதற்கு முன்னால் கீழே இருப்பவன் அவசரப்பட்டுக் கயிற்றைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும். மூழ்குகிறவனுக்கும் அந்த ஒரு நிமிடம் பொறுமை வேண்டும் என்றார். இதை எழுதுவதற்கு நானும் அதே மாதிரி என் கோபம் இறங்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். கந்தசஷ்டி விரதம் இருந்து பார்த்தேன். இறங்கவில்லை. இனி தொடுகிறவர்களுக்கு அடித்தால் அடிக்கட்டும்.

அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கும் பொறுப்பைச் சித்தப்பா அவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்தபோது நான்தான் கேசரி கிளறினேன், பஜ்ஜி போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததும் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"கேப்டன் சார், நீங்க எந்த ஃபைட்டர் ஓட்டுனீங்க?"

அண்ணன் பின்னால் திரும்பி, கேப்டன் யாராவது நிற்கிறாரா என்று பார்த்தார்.

"உங்களத்தான் சார் கேக்கறேன்."

"நான் கேப்டன் இல்லீங்க. ஓட்டவும் இல்ல. ஹெலிகாப்டர்ல கதவுகிட்ட உக்காந்திருப்பேன். கயிறு எறக்குவேன், ஏத்துவேன்."

"பாத்தீங்களா, இன்னா அடக்கம்!" என்று சித்தப்பா அவர்கள் குறுக்கே பாய்ந்தார்கள். "பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தான் பேசுவாங்க."

"அடக்கம்லாம் இல்ல சித்தப்பா, உள்ளதத்தான் சொல்றேன். ஓட்டறவங்க வேற. நேரா கீழ இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. முன்னாடி, இன்னும் கொஞ்சம், நில்லுன்னு நாங்க சொல்லச் சொல்ல மிஷின நிறுத்துவாங்க."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். "அப்ப பஸ் கண்டக்டர் மாதிரின்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் குத்திச் சொன்னது அண்ணனுக்குப் படவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்டும்மா! அதேதான். ஹோல்டான், ரைட்டு! ஆனா எங்க பஸ்ஸுல ஏறறவன் தண்ணிலேந்து ஏறுவான்."

அந்த வீட்டார் கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றார்கள். போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன் வரவில்லை. தெருமுனை வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த சித்தப்பா அவர்கள் வாசலிலேயே கத்தினார்கள்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சிடுமாடா? நான் எவ்ளோ சொல்லி வச்சிருந்தேன்!"

"நீங்க சொன்ன பொய்ய இவ காலம்பூரா அந்த வீட்ல காப்பாத்தணுமே சித்தப்பா. பாவம், இவளுக்கு எதுக்கு அந்த வேல?"

அண்ணன் மகள் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டே, "விடுப்பா. அவங்க பஸ்ல எனக்கு டிக்கெட் வேணாம்" என்றாள். அவள் அப்பா பெற்ற பிள்ளை. பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் அமைந்தது. அந்த மாப்பிள்ளை கதவருகே நின்று பிளாஸ்க் டீயைக் குடித்துவிட்டு, "இன்னொரு கப் கெடைக்குமா மாமா?" என்று கேட்டவர். முருகன் கண் திறந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மலைமேல் சண்டை நடந்து, பெங்களூரில் சிக்னலுக்குச் சிக்னல் கொடி விற்றார்களே, அந்த வருடம். பட்டாளத்துக்காரர் வீட்டில் இருந்தால் பெருமை என்று திடீரென்று எல்லாருக்கும் ஞானம் வந்த காலம். அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்காத சித்தப்பா அவர்கள் ஆப்பிள் பையோடு வந்தார்கள். அண்ணனின் கோணல் விரல்களை எடுத்து டாக்டரிடம் காட்டினார்கள். "டாக்டர், எங்க அண்ணன் பையன். வார் ஹீரோ. பைலட்."

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். "பைலட் நான் இல்ல டாக்டர்" என்றார். "பைலட்டா வேற ஆளுங்க இருந்தாங்க. நல்லவங்க."

என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது வாசல் பிளாஸ்க்கைப் பற்றி. "டீ இருக்காம்மா அதுல?" என்றார். இருக்கிறது அண்ணா என்றேன். மறுநாள் காலையில் போய்விட்டார்.

முதலாம் ஆண்டு நினைவை மல்லேஸ்வரத்தில் ஒரு ஹாலில் வைத்துக்கொள்ளலாம், மலரை என் அச்சகத்தில் இலவசமாகவே போடுகிறேன் என்று சித்தப்பா அவர்கள் சொன்னபோது அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். மலரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டவில்லை. ஹாலில் திரையை விலக்கியபோதுதான் பார்த்தோம். மேடையில் ஆள் உயரத்துக்கு அதே முகமூடிப் படம், அதற்கு ஒரு ரோஜா மாலை. கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி திகைத்து நின்றார். "யாருக்குமா காட்டறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். முகம் தெரிந்தால்தானே கற்பூரம் காட்ட முடியும்?

"ஏன் சித்தப்பா முகத்த மூடுனீங்க?" என்றேன்.

"மாஸ்க் போட்டாத்தாம்மா ஒரிஜினலா இருக்கும்."

சாப்பாட்டு வேலையைப் பார்க்க வெளியே வந்தேன். வாசலில் மலர் கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஒரு ஆளு பிளாஸ்க்க எடுத்துட்டு வந்து, கதவுகிட்ட இருக்கிறவரோட வருஷாப்திக்கு வந்தேங்கறான். அப்படி யாரும் இங்க இல்ல, இது பைலட்டுக்குன்னு மலரக் காட்டினேன். ஒரு மாதிரி பாத்துட்டு எறங்கிப் போய்ட்டான். கேட்டரிங் ஆளு போல."

அது யாராக இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பு போடவும் தோன்றவில்லை. படியிறங்கி ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நசுங்கிய பழைய பிளாஸ்க் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போக மெஜஸ்டிக் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கின் மூடிக்குக் கீழே நீல வட்டம், வெள்ளைக் கொக்கு.

"அண்ணா" என்றேன். "நான் தங்கச்சி."

அவர் எழுந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். அண்ணன் இறக்கிய கயிற்றில் தொங்கிக் கடலுக்குள் இறங்கியவர். அண்ணி போட்ட கார்டைப் பார்த்துவிட்டு ரயிலேறி வந்தவர்.

"நா வேற வீட்டு விசேசத்துக்குள்ள நொழஞ்சிட்டம்னுல்லா நெனச்சேன் தங்கச்சி" என்றார். "பேரு சரியாத்தான் இருக்கு. கண்ணு ரெண்டும் அண்ணாச்சி கண்ணு மாரியேதான் இருக்கு. ஆனா ஜெட்டுல்லா போட்டிருக்கு? ஜெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அதும்போக, கப்பல மூழ்கடிச்சவருன்னு போட்டிருக்கு. அப்பந்தான் இது நம்ம ஆள் இல்லன்னு முடிவே பண்ணேன்."

அங்கே வந்தவர்களில் அண்ணனின் வேலையைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர், அவருடைய நினைவு நாளில், வேறு வீடு என்று திரும்பிப் போகும்படி ஒரு மலர் அச்சடித்திருக்கிறார்கள் என் சொந்தங்கள். இதைவிட ஒரு சாமர்த்தியம் உலகத்தில் யாருக்காவது உண்டா?

கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டாளத்துக்காரர் என்றதும் சித்தப்பா அவர்களுக்குச் சந்தோஷம். மைக்கை நீட்டினார்கள். "சார், ரெண்டு வார்த்த. கேப்டன் எத்தன கப்பல காலி பண்ணாருன்னு சொல்லுங்க."

"எனக்கு மேடையில பேசத் தெரியாது" என்று அவர் ஆரம்பித்தார். "அண்ணாச்சி எதையும் மூழ்கடிக்கல. மூழ்கினவங்களத்தான் எடுத்தோம். ஒரு புயல்ல மீன்புடிப் படகு கவுந்து, பலகையப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தாவ. கடைசி ஆள நா கட்டிப் பிடிச்சிக்கிட்டு மேல வாரேன். பாதியில காத்து தூக்கி அடிக்கி. கயிறு ஊசலாடி கதவு விளிம்புல உரசுது. உரசினா பிரிஞ்சிரும். அண்ணாச்சி தன் கைய விளிம்புக்கும் கயித்துக்கும் நடுவுல குடுத்திட்டாவ. அந்த மாரி சமயத்துல கயித்த வெட்டி விடதுக்கு மிசின்ல ஒரு பொத்தான் உண்டு. தப்பே இல்ல, மிசின்ல உள்ள உசுரயும் பாக்கணும்லா. வெட்டவான்னு பைலட் கேக்காரு. வேண்டாம், வருதுங்காவ. மறுபடியும் கேக்காரு. வருது, வருதுன்னே சொல்லிக்கிட்டிருந்தாவ. நா மேல வந்து பாக்கேன், கையுறை பூராம் ரத்தம். அந்த ரெண்டு வெரலு..."

சித்தப்பா மகன் மைக்கை வாங்கிக்கொண்டான். "தேங்க் யூ சார். ரிலேட்டிவ்ஸ், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கவனிங்க, லஞ்ச் ரெடி. மொதல் பந்திக்கு வரலாம்."

வந்தார்கள். நாற்காலிகள் கிரீச்சிட எல்லாரும் எழுந்து இலை பிடிக்க ஓடினார்கள். உங்களில் பலர் அதில் இருந்தீர்கள். பாயசம் நன்றாக இருந்ததாக எனக்குச் சொல்லியும் அனுப்பினீர்கள். அந்த விரல்களின் கதை பாதியில் நின்றதை யாரும் கேட்கவில்லை. சித்தப்பா அவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். எதற்கு என்றால், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்த ஃபோட்டோ எடுக்கணும்" என்று சொல்வதற்கு.

ஹால் காலியான பிறகு அவர் அண்ணியின் அருகில் வந்தார். பிளாஸ்க்கைத் திறந்தார். அந்த ஹெலிகாப்டரைக் கழித்துக்கட்டியபோது அணியில் அதை அவரிடம் கொடுத்தார்களாம். மெஜஸ்டிக்கில் ஒரு கடையில் டீ வாங்கி, சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்லி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். மூடியில் ஊற்றி அண்ணியிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குண்ணா?" என்றார் அண்ணி. "இது மேல வர்றவங்களுக்குத்தான்னு அவர் சொல்வாரே."

"ஒரு வருசமா தண்ணிக்குள்ள கெடந்தது நீங்கதானே. குடிங்க."

அண்ணி குடித்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அண்ணன் மகள் தன் பர்ஸிலிருந்து அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து, பிளாஸ்க்கின் மேல் சாய்த்து வைத்தாள். அந்தச் சின்ன முகத்துக்குத்தான் நாங்கள் கற்பூரம் காட்டினோம். ஆள் உயரப் படம் பக்கத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தது. அதன் மாலையை நாங்கள் தொடவில்லை. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அண்ணனின் கோணல் விரல்களை நோகாமல் பிடித்துக் கழுவிவிட்ட நர்ஸ் பெண்களுக்கு நன்றி. கலவரத்தில் பால் கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், ரயிலேறி வந்த தூத்துக்குடி அண்ணாவுக்கும் நன்றி. இதை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்த என் வீட்டுக்காரருக்கும், அடுகோடியிலேயே சிறிய அச்சகத்தில் இதை அடித்துக் கொடுத்தவருக்கும் நன்றி. "படத்துக்கு பார்டர் போடட்டுமா அக்கா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். சித்தப்பா அவர்களுக்கும் நன்றி. அவர்கள் இல்லாவிட்டால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். அவர்கள் நூறு வருடம் இருக்கட்டும், இதைப் படிக்கவும் செய்யட்டும்.

அட்டையில் இருப்பது அந்தப் பாஸ்போர்ட் சைஸ் படம். பெரிதாக்கியதில் கொஞ்சம் மங்கிவிட்டது. பரவாயில்லை, முகம் தெரிகிறது.

வண்ணத்தில் வரும் குடும்ப வரலாறு உங்கள் கைக்கு வரும்போது, அண்ணனின் பக்கத்துக்கு நடுவில் இந்தத் தாள்களை வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் இதைக் கைமாற்றிக் கொடுங்கள். கொடுக்கும்போது கொஞ்சம் அழகுபடுத்தலாம் என்று தோன்றும். நல்ல எண்ணத்தில்தான் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். பதவி உயர்வு கொடுக்காதீர்கள், குண்டு போட வைக்காதீர்கள், மல்லேஸ்வரத்துக்குக் குடிமாற்றாதீர்கள். நான் எழுதியது எழுதியபடியே போகட்டும். கதவருகே இருந்தவர் கதவருகேயே இருக்கட்டும்.